மச்சானைவிட அரை டன் அதிகம்

மே 4
படுக்கையறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சத்தம் வருகிறது. குளிர் மட்டும் வருவதில்லை. மனைவி அடியில் வாளி வைத்திருக்கிறாள். பதினோரு வருடமாக இந்த வீட்டில் ஒழுங்காக உழைத்தது அந்த ஏசி ஒன்றுதான் என்பது அவள் கருத்து.

மே 6
மெக்கானிக் வந்தார். "கம்ப்ரசர் கல்லு மாதிரி இருக்கு சார். கூலிங் காயில்ல பொத்தல். அடைச்சு கேஸ் ஏத்தினா இன்னும் நாலு வருஷம் ஓடும். புதுசுதான் வேணும்னா ஒரு டன்னுக்கு மேல போகாதீங்க, சின்ன ரூம், ஈரம் தங்கிடும்."

புதிது வாங்காதே என்கிற மெக்கானிக்கை எப்படி நம்புவது? ஏதோ உள்நோக்கம் இருக்கிறது.

"அவர் சொல்றதக் கேளுங்களேன். ஈரம்னாலே பாப்பாவுக்கு இழுப்பு வந்துடும்" என்றாள் மனைவி.

மே 7
மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போன் செய்தான். புதிதாக ஒன்றரை டன் மாட்டியிருக்கிறானாம். "உங்களுக்கு ரிப்பேரே போதும் அத்தான்" என்றான்.

போதுமாம்!

மே 8
இரண்டு டன் வாங்கியாயிற்று. பழையதைக் கடைக்காரரே எடுத்துப் போய்விட்டார்.

மே 10
ஆறே நிமிடத்தில் அறை சில்லென்றாகிறது. உடனே தானாக நின்றுவிடுகிறது. என்ன திறமை! மச்சானுக்கு வீடியோ அனுப்பினேன்.

மே 19
தலையணை நசநசக்கிறது. என் பெல்ட்டில் பூஞ்சை. கட்டிலை ஒட்டிய சுவரில் கரும்புள்ளிகள். பெயிண்டர் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். அவர் ஊரில் இல்லாதது வசதி.

மே 23
காலையில் பாப்பாவுக்கு இழுப்பு. நெஞ்சு குழிந்து குழிந்து... ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். "ரூம்ல பூஞ்சை இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். மனைவி என்னையே பார்த்தாள்.

சீ, என்ன மனுஷன் நான்? புள்ள மூச்சுக்குத் தவிக்குது, இப்பவும் பெயிண்டர் மேல பழியப் போடலாமான்னு யோசிக்கிறேன்!

"இருக்கு" என்றேன்.

மே 24
மெக்கானிக்கை நானே கூப்பிட்டேன். "பெரிய மெஷின் சட்டுனு குளிர வச்சிட்டு நின்னுடும் சார். நிக்காம ஓடினாத்தான் காத்துல இருக்கிற ஈரத்த எடுக்கும்" என்றார். கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 2
இரண்டு டன்னைக் கூடத்துக்கு மாற்றி, படுக்கையறையில் ஒரு டன் மாட்டி ஒரு வாரம் ஆகிறது. சுவரைச் சுரண்டிக் கழுவியது நான்தான். பாப்பா ஐந்து நாளாக இருமவில்லை.

இன்று மனைவியிடம், "தப்பு என்னுதுதான்" என்றேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எது?" என்று கேட்டாள்.