ஒரே ஆபீஸில் இரண்டு சீஃப்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயரும், குவார்ட்டர்ஸ் எண்ணுக்குப் பின் பிளாக் எண் வருவதுபோல ஒரு பின்னொட்டும் உண்டு. ஒரே பின்னொட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது. எங்கள் அதிகாரிகள் இருவருக்குமோ தங்கள் கம்ப்யூட்டருக்கு ‘சீஃப்’ என்ற பெயர்தான் வேண்டுமாம்.

“அந்தாளுக்கு முன்னாடியே நான் பர்மனென்ட் ஆனவன்மா,” என்றார் இளவழகன்.

“எம் பேர்ல கைய வெச்சா உன் கான்ட்ராக்ட் ரினியூவல்ல கையெழுத்து கெடையாது,” என்றார் லூர்துசாமி.

ஆளுக்கொரு பின்னொட்டு கொடுத்து இரண்டு சீஃபையும் வாழவைத்தேன். போன வாரம் என் கான்ட்ராக்ட் தாளில் ‘சீஃப்’ என்ற ஒரே கட்டத்தில் இருவரும் ஒருவர் கையெழுத்தின்மேல் ஒருவர் கையெழுத்துப் போட்டார்கள். ஹெட் ஆபீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

புதுத் தாளில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். யாருடையது மேலே என்று இந்த மேதைகள் முடிவுசெய்யும்வரை எனக்கு வேலை இல்லை. கவலைப்படாதீர்கள். இங்கே இரவில் குளிர்கிறது, என் பச்சைப் போர்வையை மட்டும் அனுப்புங்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

வினோலியா