மூணாவது கியரைப் பிடித்திருந்த ரப்பர்

ஹாரன் அடிக்காமலே எல்லோரிடமும் வழி வாங்கிப் போகும் என் அண்ணனுக்கு,

நம் லோடு வண்டி மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது அண்ணே. ஓட்டுவது யார் தெரியுமா? அண்ணி. உங்கள் பைக்கின் பின்னால் உட்காரும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்ளும் அண்ணிதான், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டார். பாத்திர வாடகைக் கடைக்கு வெளி வண்டி பிடித்து மாளவில்லை, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று ஒரே பிடிவாதம். நான் ஓட்டினால் என்ன என்கிறீர்களா? அந்த ஸ்டியரிங்கில் கை வைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

நீங்கள் போன பிறகு, நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி எடுத்துப் பெயிண்ட் அடித்து, வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம். இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். ஆனால் அந்த ‘டக்’ சத்தம் என்னை விட்டால்தானே? மூணாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும் சத்தம். ஷட்டர் பூட்டைத் திறந்தால் அது கேட்கும். யாராவது அண்டா மேல் மூடியை வைத்தால் கேட்கும். அன்றைக்கு உங்களுக்கு அது கேட்டதா அண்ணே, இல்லை, பின்னால் பாத்திரங்கள் உருண்ட சத்தத்தில் கேட்காமல் போய்விட்டதா?

யாரிடமும் சொல்லாமல் இருந்ததை இங்கே எழுதுகிறேன்.

மூணாவது கியர் நிற்காமல் போனதும், பழைய லாரி ட்யூபில் ஒரு பட்டை அறுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கொக்கி வைத்து, கியர் கம்பியை இழுத்துப் பிடிக்க வழி பண்ணினீர்கள். “ஆனி முகூர்த்தம் முடியட்டும்டா, கியர் பொட்டிய எறக்கிப் பாத்துக்கிருவோம்” என்றீர்கள். கல்யாண நாளில் வண்டியை நாலு நாள் படுக்கப் போட எந்தப் பாத்திரக் கடைக்காரனுக்கு மனசு வரும்? அதற்குள் தகுதிச் சான்றுக்காக வண்டியை எஃப்.சி. காட்டும் நாள் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கண்ணில் பட வேண்டாம் என்று அந்த ரப்பரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டவன் நான். எஃப்.சி. கிடைத்த சந்தோஷத்தில் அதைத் திருப்பி மாட்ட மறந்தவனும் நான்தான்.

மறுநாள் காலை நீங்கள் அண்டா குண்டானெல்லாம் ஏற்றிக்கொண்டு கல்லலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனீர்கள். கண்மாய்க்கரை வளைவு இறக்கத்தில் கியரின் பிடி இல்லாமல், பாரத்தோடு பிரேக்குக்கும் அடங்காமல் வண்டி ஓடிப் புளியமரத்தில் மோதியது. வேகமாகப் போயிருப்பார் என்றார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனுஷனைப் பற்றி அப்படிச் சொன்னபோது, நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

போன மாதம் வண்டியைக் கிளப்பப் பார்த்தோம். சும்மா நின்று நின்று கிளட்ச் பிளேட் ஒட்டிப் போயிருந்தது. பெடலை மிதித்தும் கியர் விழவில்லை. மெக்கானிக் சேதுவின் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனோம். கிளட்சைப் பார்க்க வேண்டுமென்றால் கியர் பெட்டியை இறக்கித்தானே ஆக வேண்டும்? இறக்கித் தரையில் வைத்துவிட்டு சேது கேட்டார்.

“பொட்டிய எறக்கியாச்சு. பிரிச்சும் பாத்துருவமா?”

“வேணாம். கிளட்ச் மட்டும் மாத்துங்க, போதும்.” அவர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரிக்காவிட்டால் நான் தப்பித்தேன். ஆனால் பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தேன். நாளைக்கு அதே இறக்கத்தில் அந்தக் கியரைப் போடப்போவது அவர் கைதானே?

“பிரிங்க சேதண்ணே. மூணாவது நிக்காது” என்றேன். கல்லாப் பெட்டியில் இரண்டு வருஷம் ஒளித்து வைத்திருந்த ரப்பரை அன்றைக்குப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதை அண்ணியிடம் நீட்டி, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. அந்த ரப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னைக்குக் காலையில கடையில வச்சு அவுக இதத்தான் தேடுனாக தம்பி. இங்குட்டுத்தானே கெடந்துச்சுன்னு கேட்டாக. வீட்டுல தூங்குன ஒங்களுக்குப் போனப் போட எடுத்தாக. நாந்தான், ஒரு நடைதானே, கியரக் கையால பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சேன்.”

ரப்பரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். “பொட்டியப் பிரிச்சா இந்தப் பேச்சு வந்துரும்னு பயந்தேன். ரெண்டாவதுலயே ஓட்டிக்கிருவோம்னு இருந்தேன்.”

ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து கிடந்திருக்கிறோம். அப்படியென்றால், ரப்பர் இல்லை என்று தெரிந்தேதான் போனீர்களா அண்ணே? அந்த வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததா? அந்த போனை ஏன் எடுத்த கையோடு வைத்துவிட்டீர்கள்? முந்தின நாள் எஃப்.சி.க்கு அலைந்தவன், தூங்கட்டும் என்றா?

சேது பெட்டியைப் பிரித்தார். மூணாவது கியரில் பல் முனையெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. “இத வச்சுக்கிட்டா ஓட்டுனாக?” என்று கேட்டார். அந்தக் கியரையும் கிளட்ச் பிளேட்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

முந்தாநாள் அண்ணி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்லலுக்கு லோடு ஏற்றிப் போனோம். கண்மாய்க்கரை இறக்கம் வந்ததும் அண்ணி மூணாவது போட்டார். போட்ட கையைக் கியரிலிருந்து எடுக்கவில்லை. நானும் பிடிக்கக் கையைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தச் சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். புளியமரம் வந்தது, பின்னால் போனது. கியர் நின்றது.

அப்புறம்தான் அண்ணி கையை எடுத்தார். “இம்புட்டுத்தானா தம்பி?” என்றார். நாலு நாள் வேலை, அம்புட்டுத்தான் அண்ணே.

இனி இந்த வண்டியிலிருந்து ஒரு நட்டைக் கழற்றினாலும், ஓட்டுகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவேன். என்ன அவசரமானாலும், மாட்டிவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

நீங்கள் எழுப்பாமல் விட்டுப்போன,
உங்கள் தம்பி