இடமில்லை என்று சொன்ன பெட்டி

இன்று காலை என் கைப்பேசி, மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, இனிக் கடிதம் ஏற்காது என்றது. பழையவற்றை அழிக்க உட்கார்ந்தவள் அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

ரப்பர் தோட்டங்களைக் கவனித்த அந்த ஈப்போ அலுவலகத்தில் நான் ஆறு வருடம் தட்டச்சு அடித்த பிறகுதான் நீ கோப்பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தாய். எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தபோது மேனேஜர் உன்னைத்தான் அதன்முன் உட்கார வைத்தார். அந்த அறைக்கு மட்டும் ஏர்கோன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வேர்த்துக்கொண்டு உன் முதுகையே பார்த்திருந்தேன்.

தொலைபேசிக் கம்பி வழியே பினாங்குத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பும் அந்த மென்பொருளை நீ நம்பவேயில்லை. "எல்லாக் கடுதாசியும் ஒரே ஃபைல்ல போடுதுக்கா. ஒரு நாளைக்கு மொத்தமா முழுங்கிரும்லா," என்பாய். எனக்கு அது பீற்றலாகவே கேட்டது.

அந்த வருடம் உன் தோட்டம் விலைக்குப் போனது. அங்கிருந்த தொழிலாளர்களுக்கு மாற்று வீடு கேட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் விவரத்தையும் வரிசைக் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய்க் கேட்டு வந்து, அந்த மென்பொருளிலேயே கடிதமாக அடித்து வைத்தாய். "இனிமே தாள் எதுக்கு?" என்று மேனேஜர் உன் குறிப்புகளைக் கிழித்துப் போடச் சொன்னார்.

ஒரு மதியம், பினாங்குக் கடிதங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "கொஞ்சம் பாத்துக்குங்கக்கா," என்று சாப்பிடப் போனாய். டிஸ்கில் இடமில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. எனக்குப் புரிந்தது. ஒரு விசையைத் தட்டினேன், எழுத்து மறைந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் அந்த ஃபைல் திறக்கவில்லை; குடும்ப விவரங்களும் அதோடு போயின. எல்லார் முன்னாலும் மேனேஜர் உன்னைப் பார்த்துக் கத்தினார். எனக்கு மனசு குளிர்ந்தது.

நீ அழுதுவிட்டு முகம் கழுவி என் மேசைக்கு வந்தாய். "ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு வாரீங்களாக்கா? நீங்க வேகமா எழுதுவீங்க."

வந்தேன். வாசலுக்கு வாசல் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு. சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய்: "பொட்டி ஏதாச்சும் சொன்னா, இனிமே எங்கிட்ட சொல்லிருங்கக்கா."

அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவேயில்லை. பெயர்கள் பினாங்குக்குப் போயின. கொஞ்சம் தாமதித்தாலும் வீடுகள் கிடைத்தன. அடுத்த மாதம் மேனேஜரிடம் கேட்டு என்னையும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பி வைத்தாய். அன்று உன்னை இன்னும் அதிகமாக வெறுத்தேன். நீ ஒரு கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

லகாட்டில் உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஒங்களப் பத்தித்தான் அதிகம் பேசும், பெரியம்மா. எல்லாம் நல்லதாத்தான்." ஒன்றுகூட வேறு மாதிரிச் சொல்லவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது.

நான் செய்தது தெரிந்திருந்தும் முப்பது வருடத்துக்கு மேல் என் வீட்டுக்கு வந்து, என் கையால் வாங்கிச் சாப்பிட்டுப் போனாய். என்னால் ஒரு நாள்கூட அப்படி இருந்திருக்க முடியாது. உன் கம்ப்யூட்டர் மேல் இருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. அந்த மனசின் மேல் இருப்பது போகவில்லை.