ஐந்து பாகைக்குக் கொஞ்சம் குறைவு

மே 2

அங்கே எனக்கு ஏதாவது ஒன்று என்றால் இங்கிருந்து ஒருவர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர முடியும்? அண்ணன்தான் கேட்டார். இருபத்து நான்கு வருஷம் புவியியல் நடத்தியவள் — தெரியாது என்று சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

மாலத்தீவின் தென்கோடியில், கான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. இரண்டு வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று.

“மாலே வரைக்கும் சரி. அங்கருந்து இன்னொரு பிளேனா? ரெண்டு ஏர்போர்ட்டும் தீவுலயா? நாப்பத்தொம்பது வயசுல ஏம்மா இது?”

அண்ணி குறுக்கிட்டார்: “ஏன், உங்க மருந்துக்கடையில மாத்திரை எண்ணச் சொல்றீங்களா?”

மே 3

அட்லஸை எடுத்தேன். மாலே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கு பாகை சொச்சம். கான் தெற்கே முக்கால் பாகைகூட இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில். ஆக, ஐந்து பாகைக்குக் கொஞ்சம் குறைவு; பாகைக்கு நூற்றுப்பதினொன்று என்றால் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். விமான அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். நான் ஒன்றரை என்று வைத்துக்கொள்கிறேன்.

மே 4, ஞாயிறு

பூசையில் கருத்துகளை, யாருக்காக என்ன வேண்டுதல் என்று, வாசித்தார்கள். இறந்தவர்களுக்கு இரண்டு, ஒரு திருமண நாள், அப்புறம் — “ஆனந்தமேரி நல்ல மனமாற்றம் பெற வேண்டி, அண்ணன் மிக்கேல்ராஜ் குடும்பத்தார்.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. மனமாற்றமாம்! நான் என்ன குடிச்சிட்டா திரியிறேன்?

வாசித்த உபதேசியார் ஸ்டீபன்ராஜ் வெளியே சிரித்தார். “என்ன டீச்சர், ஏதும் தப்புத்தண்டாவா?” அவரிடமே அடுத்த ஞாயிறுக்கு ஒரு கருத்து எழுதிக் கொடுத்தேன். கடவுள் இதையெல்லாம் வரிசையாகக் கேட்பார் என்று நான் நம்பவில்லை. ஊர் கேட்கும்.

மே 6

அண்ணன் மறுபடி ஆரம்பித்தார்: “அப்பா செத்தப்ப திருச்சியில படிச்ச. இந்தா இருக்கு திருச்சி. அங்கருந்தே முகம் பாக்க வந்து சேர முடியல. இது கடலு.”

வந்து சேர முடியலயா? எனக்குச் சொன்னாத்தானே வருவேன்! எம்.ஏ. பரீட்சை முடியட்டும்னு ரெண்டு நாள் மறைச்சது யாரு? ரெண்டு மணி நேரப் பஸ்ஸு அது.

இருபத்தாறு வருஷம் கேட்காததை அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். கத்தவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மே 11, ஞாயிறு

“ஆனந்தமேரியின் பயணம் நலமாக அமையவும், வீட்டில் நடப்பதை மறைக்காமல் சொல்லும் மனம் அண்ணன் மிக்கேல்ராஜுக்குக் கிடைக்கவும்.” உபதேசியார் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். அண்ணன் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. அண்ணி முக்காட்டுக்குள் சிரித்தார்.

மே 13

ரயிலடிக்கு அண்ணி மட்டும் வந்தார். ஊறுகாய் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியிருந்தார்.

மே 15

மாலே. விமான நிலையமே தனித் தீவு. நாளைக் காலை கான். கரும்பலகையில் எத்தனை தடவை அந்த நிலநடுக்கோட்டைப் போட்டிருப்பேன்! அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம். திரும்பப் போவதில்லை.

மே 16

ஒரு மணி இருபது நிமிஷம். கிளம்பியதே முப்பத்தைந்து நிமிஷம் தாமதம். நிலநடுக்கோடு எப்போது போயிற்றென்று தெரியவில்லை, கீழே தண்ணீர்தான்.

கானில் இறங்கிப் போனை ஆன் செய்ததும் அண்ணன் குரல், வாட்ஸ்அப்பில். கடையிலிருந்து பேசியிருக்கிறார், பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கிறார்கள்.

“மேரி. உங்க அண்ணி காலைல மாடிப்படியில வழுக்கி இடது கை முறிஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்டாச்சு. நீ வர வேணாம். விழுந்து ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு. சொல்லிட்டேன்.”