கையை இறக்கிய சுற்று

ஆட்டுக்கறி வெட்டிய களைப்போடு என்னை சைக்கிளில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிப்போன என் அப்பாவுக்கு,

தாடை உடைந்திருக்கிறது, அப்பா. கம்பி கட்டியிருக்கிறார்கள். வாயைத் திறந்து பேச முடியாததால் எழுதுகிறேன். அம்மா கஞ்சியை வடிகட்டி ஸ்ட்ரா போட்டுத் தருகிறாள். "இம்புட்டு நாளா வாயடிச்சயில்ல, இப்பப் பேசு பாப்போம்" என்று சிரிக்கிறாள். அப்புறம் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்துகிறாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரியாணிக் கடையில் நாளெல்லாம் ஆடு வெட்டிய மனிதர் நீங்கள். மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் என் மூக்கில் ரத்தம் கொட்டியபோது வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தீர்களே! அதன்பிறகு என் சண்டைகளை அரங்குக்கு வெளியே நின்று, சத்தத்தை வைத்தேதான் தெரிந்துகொண்டீர்கள். பெரியப்பா நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "பொட்டப்புள்ள மூஞ்சிய ஒடச்சுக்கிட்டு வந்தா எவன்டா கட்டுவான்?" என்று கத்தினார். "கட்ட வாரவன் அவன் மூஞ்சிய பத்திரமா வச்சுக்கிட்டா போதும்ணே" என்றீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்து எங்களை விட்டுப் போன பிறகு நான் தொழில்முறைச் சண்டைக்குப் போனேன். அங்கே தலைக்கவசம் கிடையாது, கையுறையும் மெலிசு. ஒவ்வொரு குத்தும் எலும்பில் வந்து உட்காரும். புருவம் கிழிந்தது, விலா விரிசல் விட்டது. ஆனாலும் ஜெயித்துக்கொண்டே போனேன்.

பட்டத்துக்கான சண்டை சென்னையில். எதிரே சுமன் என்கிற ஹரியானாக்காரி. முதல் சுற்றிலேயே என் உதட்டைப் பிளந்தாள். ரத்தத்தை விழுங்கிக்கொண்டே அவள் விலாவில் இடித்தேன். மூச்சு வாங்கக் குனிந்தவளின் காதோரத்தில் மறுபடி இடித்தேன். எட்டாவது சுற்றில் அவள் கால் பின்னியது. கண் என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்த்தது. நடுவர் குறுக்கே வரவில்லை. என் மூலையிலிருந்து பயிற்சியாளர், "முடி! முடிச்சு விடு!" என்று அலறினார்.

முடித்தேன். இடது, வலது, மறுபடி இடது. அவள் வாய்க்காப்பு ரத்தத்தோடு தெறித்து விழுந்தது. மரம் சாய்கிற மாதிரி பின்னால் சாய்ந்தாள். என் இடுப்பில் பட்டத்துக்கான பெல்ட்டைக் கட்டும்போது அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்று சொல்லட்டுமா? அந்தக் கடைசிக் குத்து கையில் ஏறியபோது எனக்கு இனித்தது. அது என்ன மாதிரி இனிப்பு, அப்பா?

சுமனுக்கு மண்டைக்குள் ரத்தக்கட்டு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். எத்தனையோ குத்துக்கு விலகப் பழகிய தலை, அதற்கு விலகவில்லை. போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. எங்களுக்குள் பேசப் பொதுவான மொழி இல்லை. சுமன் பிழைத்தாள். இனி கையுறை போட முடியாது.

ஊருக்கு வந்தால் ரயில்வே ஸ்டேஷனிலேயே வேட்டு, மாலை, திறந்த ஜீப். மாலையைக் கழற்றி ஜீப்பிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், "விட்டுர்றேம்மா" என்றேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டே, "விடுறதுன்னா விடு. ஆனா எதுக்குப் பயந்து விடுறன்னு ஒனக்குத் தெரியணும்" என்றாள். எதற்குப் பயந்தேன்? சுமனுக்கு ஆனது எனக்கும் ஆகும் என்றா? அந்த இனிப்புக்கா?

மறுபடி பயிற்சிக்குப் போனேன். போன மாதம் பட்டத்தைக் காக்கிற சண்டை. மும்பைப் பெண். ஏழாவது சுற்றில் என் வலது கை அவள் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அவள் கைகள் தொங்கிவிட்டன. கண் அதே மாதிரி எங்கேயோ போனது. நடுவர் நின்றுகொண்டே இருந்தார். பயிற்சியாளர் அலறினார். ஒரு குத்து போதும், பட்டம் என்னிடமே இருக்கும்.

நான் கையை இறக்கிவிட்டுப் பின்னால் போனேன். "இவளப் பாருங்க சார்!" என்று நடுவரிடம் கத்தினேன். அவர் திரும்புவதற்குள் அவளுக்கு உயிர் வந்தது. குருட்டுத்தனமாக வீசினாள். என் தாடைக்குள் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மிச்சச் சுற்றுகளை அந்தத் தாடையோடுதான் ஆடினேன். அவளையும் விடவில்லை, விலாவைப் பழுக்க வைத்தேன். ஆனால் புள்ளியில் தோற்றேன். சிலர் ஊளையிட்டார்கள். பயிற்சியாளர் ரயிலில் வேறு பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். நேற்று வீட்டுக்கு வந்து, "ஒன்னைய மாதிரி ஒரு கிறுக்கச்சிய நான் பாத்ததில்ல. தாடை சரியானதும் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பெல்ட் இல்லாத இடுப்பு வெறிச்சென்று இருக்கிறது. ராத்திரியில், குத்தாமல் விட்ட அந்தக் குத்தை மனதுக்குள் நூறு தரம் குத்திப் பார்க்கிறேன்.

கம்பி எடுத்ததும் மேடை ஏறுவேன், அப்பா. இரக்கம் பார்த்து மெதுவாக அடிக்க மாட்டேன். ரத்தம் வரும், எனக்கும் எதிராளிக்கும். ஆனால் எதிரே நிற்கிறவளால் கையைத் தூக்க முடியாவிட்டால் மறுபடியும் பின்னால் போவேன், இன்னொரு தாடை உடைந்தாலும் சரி. அந்தப் பட்டத்தை, மேடையிலிருந்து தன் காலால் இறங்கிப் போகிற ஒருத்தியிடமிருந்துதான் வாங்குவேன்.

உங்கள் மூத்த மகள்,
கலையரசி