ஞானஸ்நானம் பெறாத பிள்ளை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ட்ராம் பிந்தியது, வேலைக்கும் பிந்தினேன். பல் வைத்தியரிடம் நேரம் குறித்த டெர்மின் மறந்தே போச்சு.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் அரை மணி நேரப் பேச்சு. தலைப்பு பாதர் தந்தது: ஆதித் திருச்சபையில் முன்குறிப்பும் (எல்லாம் கடவுள் முன்பே குறித்தது என்பது) மனிதச் சுதந்திரமும். நான் பொதி பிரிக்கிற மண்டபத்தில் வேலை செய்பவன். அஞ்சல்வழி இறையியல் பாடம் படிக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக என் தலையில். மறுக்கும் சுதந்திரம் எனக்கு இருந்ததா? அதுவே தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

படித்ததன் சுருக்கம். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கம். பிரித்தானியத் துறவி: மனிதன் விரும்பினால் நல்லவனாக வாழலாம், கட்டளை தந்த கடவுள் அதற்கான வலிமையும் தந்திருப்பார். வட ஆப்பிரிக்க ஆயர்: ஆதாமோடு எல்லோரும் விழுந்தாயிற்று, யாரைத் தூக்கிவிடுவது என்பதை உலகம் உண்டாகுமுன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார். துறவி தோற்றார். ஆயர் புனிதரானார்.

எனக்குத் துறவியைத்தான் பிடித்தது. ஆனால் குடியை விட முடியாமல் செத்த என் தம்பியிடம் அவர் என்ன சொல்வார்? "நீ விரும்பவில்லை" என்றுதானே? ஆயர் பரவாயில்லை, தனியாக முடியாது என்றாவது சொல்கிறார். இருவர் மேலும் எரிச்சல்.

மனைவி ரோசி சமையலறையிலிருந்து: "அரை மணித்தியாலத்துக்கு மேல இழுத்தா சனம் றோல்ஸ் மேசைக்குப் போயிடும், சொல்லிப்போட்டன்."

பிரிண்டருக்கு மை வாங்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். எழுதவே கை வரவில்லை.

முதல் பதினைந்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு பின்வரிசையில் ஒருவர்: "அப்ப ஒரு பாவமும் செய்யாத கைக்குழந்தை செத்தா?" குறிப்பில் இருந்ததை வாசித்தேன். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தையும் மீட்புக்கு வெளியே. ஆனால் அதற்குத் தண்டனை மிக இலேசானது. இது ஆயரின் கருத்து. "மிக இலேசானது" என்பதை ஏதோ நற்செய்தி மாதிரி அழுத்திச் சொன்னேன், மடையன்.

மூன்றாம் வரிசையில் ஜெயசீலி அக்கா எழுந்தார். கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். போய்விட்டார்.

காரில் ரோசி: "அக்கான்ர முதல் பிள்ளை தெரியாதே? இங்க வந்த புதுசில, அகதி முகாமில இருக்கேக்க. ஆறு மணித்தியாலம்தான் இருந்தது. ஞானஸ்நானம் குடுக்க ஒரு சாமியும் வந்து சேரேல்லை."

"எனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள்?"

பாதர் தொலைபேசியில்: "திருச்சபை இப்ப அப்பிடிச் சொல்லுறதில்லையே. ஆண்டவரின்ர இரக்கத்தில விடச் சொல்லுது. அதையும் சொல்லியிருக்கலாம்." என் அடுத்த பக்கத்தில் அது இருந்தது. நேரமில்லை என்று தாண்டிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஜெ. அக்காவுக்கு மூன்று தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. வேலையில் இரண்டு பொதியைத் தவறான கூண்டில் போட்டு ஏச்சு.

மார்ச் 11, புதன்

வேலை முடிந்து நேரே கெல்சென்கிர்ச்சனில் அக்கா வீட்டுக்கு. ரயிலில் மன்னிப்பை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். அக்காவே கதவைத் திறந்தார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை..."

"உள்ள வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டுங்கோ."

தேத்தண்ணி வைத்தார். எதிரே இருந்தார்.

"நீங்கள் சொன்னது எனக்குப் புதுசில்லை. மாமி அப்பவே ஊரில இருந்து எழுதினவ, பிள்ளை மோட்சம் போகாதெண்டு."

"அப்ப ஏன் எழும்பிப் போனீங்கள்?"

கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நான் குடுத்தனான், தம்பி. ஆஸ்பத்திரிப் பைப்பில தண்ணி பிடிச்சு, நானே தலையில ஊத்தினனான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு சொல்லி. நேர்ஸ் பிள்ளையைப் பிடிச்சிருந்தவ. செல்லுமோ எண்டு இவ்வளவு வருசமா ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. செல்லாதெண்டு ஆரும் சொல்லிப்போட்டா?"

முப்பது வருடம்! பாதரிடம் ஒரு நிமிடக் கேள்வி. கத்த வேண்டும் போல் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"செல்லும் அக்கா. ஆபத்து நேரத்தில ஆரும் குடுக்கலாம்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிக்க ஒண்டுமில்லை. ஆதியில இருந்தே செல்லும். அந்த ஆயரே ஒத்துக்கொள்ளுவார்."

அக்கா அழவில்லை. மேசை விரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப பூசையில செத்தாக்களின்ர பேரோட அவன்ர பேரும் வாசிக்கலாமோ?"

"ஓம்."

"எழுதுங்கோ. அமலன்."

எழுதினேன்.