என் படத்துக்குப் பின்னால்

ஜனவரி 9, வியாழன்

செருப்பில் காளான் முளைத்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டால் தவளைகள் குடும்பத்தோடு வந்து வாடகைக்கு இடம் கேட்கும். ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரில் படகுப் போட்டி நடத்தலாம். இரண்டு படுக்கையறையும் ஒரு குளியலறையும் கொண்ட என் அரண்மனையின் இன்றைய நிலவரம் இது.

சிரிப்பது நான் மட்டும்தான். தங்கை மகளுக்கு, என் குருவிக்கு, ஏழு வயது. மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கிறது. அறையில் ஈரம் போகாமல் மருந்து வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை உடனே தங்கையிடம், "துணிய வீட்டுக்குள்ள காயப்போடாதேன்னு எத்தன தடவ சொல்றது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா நாங்க வேற வீடு பாத்துக்குறோம்."

மூன்று வருடமாக ஒன்றாக இருக்கிறோம். அவர்கள் போய்விட்டால் நான் யாரிடம் புளுகுவேன்?

ஜனவரி 11, சனி

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தேன். யானைக்குட்டி எடை. அதற்குச் சக்கரம் இருப்பது தெருமுனையிலிருந்து தூக்கி வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் சொன்னது: "ஜன்னல சாத்தி வைங்க சார். இல்லன்னா உங்க ரூமை விட்டுட்டு ஊரையே காய வைக்கும்."

குருவியின் அறையில், என் பணிஓய்வுப் படத்துக்கு நேர் கீழே வைத்தோம். பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் நேரம் குறித்தவனுக்குக் கொடுத்த மூன்றடிப் படம். அது ஏன் குழந்தை அறையில்? இந்த முகத்தைத் தாங்கும் அகலம் வேறு எந்தச் சுவருக்கும் இல்லை. போன வருடம் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

ஜனவரி 12

தொட்டியில் நாலு லிட்டர். நாற்பது என்று குருவியிடம் சொன்னேன். "தொட்டியே ஆறுதானே மாமா" என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று நாலு. நேற்று நாலு. முந்தாநாளும் நாலு. தங்கை ஈரத்துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிறாள். தூறினால் ஓடிப்போய் எடுக்கிறாள், விட்டதும் மறுபடி போடுகிறாள். ஆனாலும் நாலு.

ஜனவரி 18, சனி

கடைக்காரருக்கு போன் செய்தேன். "காத்துல இருக்கற ஈரம்னா இந்நேரம் பாதியாயிருக்கணும் சார். எங்கயோ ஊறுது. பாத்ரூம் பக்கத்துச் சுவர்ல பைப்பு ஓடுதா பாருங்க."

பாத்ரூம் பக்கத்துச் சுவர். படத்தைக் கழற்றினேன். அதன் முதுகு முழுக்கப் பூஞ்சை. ஆணியைச் சுற்றிச் சுவர் கறுத்திருந்தது. துருப்பிடித்த ஆணித் தலையில் ஒரு சொட்டு திரண்டு, விழுந்தது. அடுத்தது திரண்டது.

நான் அடித்த ஆணி.

படத்தை மறுபடி மாட்டிவிட்டேன். ஏன் மாட்டினேன்?

ஜனவரி 19

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 20, திங்கள்

மாப்பிள்ளை மறுபடியும் துணியைப் பற்றி ஆரம்பித்தார். தங்கை துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் பேப்பர் படித்தேன், ஒரே பக்கத்தை. நாளைக்குச் சொல்லிடலாம். இல்ல, யாரும் வீட்ல இல்லாதப்ப பிளம்பரைக் கூப்பிட்டு, சத்தமில்லாம— குருவி நல்லாத்தானே இருக்கா?

ஜனவரி 21, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குருவியின் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். அவள் நெஞ்சு கிடந்து அடித்தது. கண் மட்டும் என் மேல் இருந்தது, நான் ஏதாவது வேடிக்கை பேசுவேன் என்று. நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

வராந்தாவில் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை."

"ஆணி யாரு வேணா அடிப்பாங்க. மூணு நாளு என்னத் துணியோட மாடிக்கும் கீழுக்கும் ஓட விட்டுட்டுப் பாத்துட்டிருந்தீங்களே."

நீங்களாம். பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் 'நீ'தான், ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஜனவரி 23, வியாழன்

பிளம்பர் சுவரை உடைத்தார். "பைப்புக்கு நட்ட நடுவுல எறங்கியிருக்கு சார். இத்தன நாளா ஆணியே ஓட்டைய அடைச்சிருக்கு, துருப்பிடிச்சதும் ஒழுக ஆரம்பிச்சிருக்கு. குறி வச்சு அடிச்சாக்கூட இப்படி விழாது." வேறு விஷயமாக இருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் பெருமை பேசியிருப்பேன்.

மூன்று பேரும் மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். "சுவர் காயற வரைக்கும்தான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. தங்கை அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 27

இயந்திரமும் நானும். அது உறுமுகிறது, நான் கேட்கிறேன். மூன்றே கால் லிட்டர். குருவிக்கு போனில் சொன்னேன்.

"நிஜமாவா? சும்மா சொல்லலியே?"

"மூணே கால். கோட்டப் பாத்துதான் சொல்றேன்."

பிப்ரவரி 3

ஒன்றரை.

பிப்ரவரி 9

கால் டம்ளர். "ஒரு கடல்னு சொல்லு மாமா" என்று கெஞ்சினாள். கால் டம்ளர்தான் என்றேன். அவளுக்கு ஏமாற்றம். பேசும்போது விசில் சத்தம் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தங்கை தனியாக வந்தாள். நேரே அந்த அறைக்குப் போய், புதுப்பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. தொட்டியை இழுத்துப் பார்த்தாள். படம் எங்கே என்று கேட்கவில்லை. பரணில் ஏற்றிவிட்டதை நானும் சொல்லவில்லை. காபி வேண்டாம் என்றாள்.

கிளம்பும்போது குருவியின் தலையணையை எடுத்துப் போய் மாடி வெயிலில் வைத்தாள்.

"சாயங்காலம் எடுத்து உள்ள வை."

அவள் போனதிலிருந்து மாடியில்தான் உட்கார்ந்திருந்தேன், ஒருவேளை தூறினால் எடுக்க.